காவிரிப் பங்கீடு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் மேட்டூர் நீர்மட்டம் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அதனுடன் பழைய ஐயங்களும் வந்து சேர்கின்றன. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களிலும், உரக்கடை வாசலிலும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்திருக்கும் வேளையிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. தேவைப்பட்ட இடத்தில் எந்தப் பதிலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

1. டி.எம்.சி.ங்குறாங்க, கனஅடிங்குறாங்க. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

வேறு வேறு. டி.எம்.சி. என்பது தேங்கியிருக்கும் அல்லது மொத்தமாக வந்து சேர்ந்த நீரின் அளவு, ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. செய்தியில் 'வினாடிக்கு இத்தனை கனஅடி' என்று வருவது நீர் ஓடும் வேகத்தின் அளவு. வினாடிக்கு சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஆகும். ஒரு டி.எம்.சி. நீரைப் பரப்பினால் ஏறத்தாழ 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும்.

இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் பல அறிவிப்புகளை நாமே எடைபோடலாம். '15 நாட்களுக்கு 5,000 கனஅடி' என்ற உத்தரவு கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் ஆறரை டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. மேட்டூர் 120 அடி நிறைந்து 93.47 டி.எம்.சி. இருந்தாலும், வரத்தே இல்லாமல் வினாடிக்கு 12,000 கனஅடி வீதம் திறந்தால் மூன்று மாதம்தான் தாங்கும். பாசனப் பருவமோ ஏழரை மாதம்.

2. கடைசியா யார் யாருக்கு எவ்வளவுன்னு முடிவாச்சு?

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில், படுகையின் மொத்த நீர்வளம் 740 டி.எம்.சி. என்று கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்து, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க இயலாமல் கடலில் கலப்பதற்கு 4 என்று ஒதுக்கினார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யை எடுத்துக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது. இப்போது நமக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75. மற்ற எண்கள் மாறவில்லை.

இந்த 740 என்பது ஆண்டுதோறும் நிச்சயமாகக் கிடைக்கும் அளவு அன்று. இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டாவது இந்த அளவு கிடைக்கும் என்ற 50 விழுக்காடு நம்பகத்தன்மையின் அடிப்படையில் எடுக்கப்பட்ட எண் இது. ஆகவே பற்றாக்குறை ஆண்டு என்பது எப்போதோ நேரும் விபத்தாக இல்லாமல், இந்தப் பங்கீட்டின் உள்ளேயே எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாக இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 10-ஆம் பதிலைப் படிக்க வேண்டும்.

3. டிவியில 404ன்னும் சொல்றாங்க, 177ன்னும் சொல்றாங்க. கர்நாடகாக்காரன் தர வேண்டியது எது?

177.25 டி.எம்.சி. அதுவே கர்நாடகத்திலிருந்து எல்லை தாண்டி வர வேண்டிய அளவு. 404.25 என்பது தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு. அதில் ஏறத்தாழ 227 டி.எம்.சி. நம் எல்லைக்குள்ளேயே உண்டாவதாகக் கணக்கிடப்பட்டது. பவானி, நொய்யல், அமராவதி ஆகிய துணையாறுகளின் நீரும், எல்லைக்கு இப்பால் படுகையில் பெய்யும் மழையும் அதில் அடங்கும். இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு '404 டி.எம்.சி.யைக் கர்நாடகம் தரவில்லை' என்று மேடையில் பேசுவோர் இன்றும் உண்டு. அது நம் வழக்கைத்தான் பலவீனப்படுத்துகிறது.

4. முன்னாடி 205, அப்புறம் 192, இப்ப 177. நம்ம பங்கை வெட்டிக்கிட்டே போறாங்களே?

குறைந்தது உண்மை, ஆனால் மூன்று எண்களையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடக் கூடாது. 1991 ஜூன் 25-இன் இடைக்காலத் தீர்ப்பில் சொன்ன 205 டி.எம்.சி. மேட்டூரில் அளக்கப்படுவது, அதில் புதுச்சேரியின் காரைக்காலுக்கான 6 டி.எம்.சி.யும் சேர்ந்திருந்தது. 2007-இன் 192-உம் 2018-இன் 177.25-உம் எல்லையிலுள்ள பில்லிகுண்டுலுவில் அளக்கப்படுபவை. பில்லிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் இடைப்பட்ட பகுதியில் பெய்யும் மழைநீர் முதல் கணக்கில் உள்ளே இருந்தது. பின்னைய இரண்டில் வெளியே இருக்கிறது.

அளவிடும் இடம் மாறியதில் ஒரு நன்மையும் உண்டு. பில்லிகுண்டுலு அளவை நிலையம் மத்திய நீர் ஆணையத்தின் பொறுப்பில் இருப்பதால், வந்தது எவ்வளவு என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. வர வேண்டியது எவ்வளவு என்பதில்தான் சண்டை.

5. ஜூன் 12ன்னு ஒரு தேதியை ஏன் இப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்?

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான அந்தத் தேதியைப் பயிர் நிர்ணயிக்கிறது. ஜூன் நடுவில் தண்ணீர் கல்லணைக்கு வந்தால்தான் குறுவை எனும் குறுகிய கால நெல்லுக்கு நாற்று விட்டு, நட்டு, ஐப்பசி மழை வலுப்பதற்குள் அறுக்க முடியும். குறுவை தள்ளிப்போனால் அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். அதன் பின் நட வேண்டிய தாளடியும் தள்ளிப்போய், கதிர் முற்றும் தையில் தண்ணீர் இல்லாமல் தவிக்கும். மேட்டூர் ஜனவரி 28-இல் மூடப்படுவது வழக்கம். ஆகவே முதல் பயிரின் தேதி இரண்டாம் பயிரின் விதியையும் முடிவு செய்கிறது.

2022-இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. பம்புசெட் வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளியைச் சமாளித்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்கள் குறுவையை விட்டுவிட்டுச் சம்பா எனும் நீண்ட கால நெல்லுக்கு நேரடி விதைப்பில் இறங்கினார்கள்.

6. நமக்குத்தான் ஐப்பசி, கார்த்திகையில கொட்டுதே, அப்புறம் ஏன் அவங்ககிட்ட கையேந்தணும்னு என் பையன் கேக்குறான். என்ன சொல்றது?

நல்ல கேள்வி, கர்நாடகத் தரப்பும் நீதிமன்றத்தில் இதைத்தான் வேறு சொற்களில் கேட்கிறது. குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் காவிரியையும் கபினியையும் நிரப்புகிறது. டெல்டாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குறுவை முழுவதும், சம்பாவின் நாற்றங்காலும் நடவும், நம் மழை தொடங்குவதற்கு முந்தியவை. அந்த நான்கு மாதங்களில் ஆற்றில் வரும் தண்ணீர் வேறெங்கோ பெய்த மழை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கேற்ப வகுக்கப்பட்ட மாத அட்டவணையும் இதையே காட்டுகிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று முதல் நான்கு மாதங்களில் மட்டும் 123.14 டி.எம்.சி. வர வேண்டும், இது ஆண்டு அளவில் பத்தில் ஏழு பங்கு. அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, அதன் பின் மே வரை மாதம் 2.50. நம் மழை நமக்கு உண்டு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பிற்பகுதி மாதங்களின் அளவு இவ்வளவு சிறியதாக இருக்கிறது. இனி மகன் கேட்டால் அட்டவணையைக் காட்டலாம்.

7. ஆறு அவங்க ஊர்ல பொறக்குது. அவங்க இஷ்டம்தானே?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பல மாநிலங்களில் ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனி உடைமை அன்று என்று 2018 தீர்ப்பு திட்டவட்டமாகக் கூறுகிறது. அதே மூச்சில் நமக்கும் ஒன்று சொல்கிறது: நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தோம் என்பதற்காகக் கடைமடை மாநிலம் முழுவதையும் கோர முடியாது. கல்லணை பழமையானது என்ற வாதம் நம் பயன்பாட்டின் தொன்மையை நிறுவும். கர்நாடகத்தின் மாண்டியா விவசாயியின் தேவையை இல்லை என்று ஆக்காது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நியாயமான பங்கு என்பதே இரு தீர்ப்புகளுக்கும் அடிப்படை.

குடகில் பிறப்பதால் ஆறு முழுவதும் கர்நாடகத்தின் நீர் என்பதும் சரியில்லை. கபினி கேரளத்தின் வயநாட்டில் பிறந்து வருகிறது. படுகையின் பரப்பான 81,155 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நீர்வரத்தில் பாதிக்குச் சற்று மேல் கர்நாடகத்தில் உண்டாகிறது. இரு தரப்பும் தமக்கு வசதியான எண்ணை மட்டும் சொல்வது வழக்கம்.

8. 1924 ஒப்பந்தம் செத்துப்போச்சா, உயிரோட இருக்கா?

1892 ஒப்பந்தத்தின்படி மைசூர் அரசு சென்னை மாகாணத்தின் இசைவின்றிப் புதிய தேக்கங்களைக் கட்ட இயலாது. 1924 ஒப்பந்தம் அதன் தொடர்ச்சியாக, மைசூர் கிருஷ்ணராஜ சாகரையும் சென்னை மாகாணம் மேட்டூரையும் கட்ட வழிசெய்தது. மேட்டூர் 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நாம் 'புது ஆறு' என்று அழைக்கும் கல்லணைக் கால்வாயும் அதையொட்டி வந்ததுதான்.

ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகளில் முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். சில பிரிவுகள் மட்டுமே மறுபரிசீலனைக்கு உரியவை, மற்றவை நிரந்தரம் என்றது தமிழ்நாடு. உச்ச நீதிமன்றம் இரண்டு ஒப்பந்தங்களும் செல்லத்தக்கவையாக இருந்தன என்று ஏற்றுக்கொண்டு, 1924 ஒப்பந்தம் 1974-இல் காலாவதியாகிவிட்டது என்று முடித்தது. ஆகவே இன்று அந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பதில் பயனில்லை. தீர்ப்பையும் அதன்வழி வந்த காவிரி நீர் மேலாண்மைத் திட்டத்தையும் காட்டித்தான் கேட்க வேண்டும். இடைப்பட்ட 1974 முதல் 1990 வரையிலான பேச்சுவார்த்தைக் காலத்தில்தான் கர்நாடகத்தில் ஹேமாவதி, கபினி, ஹாரங்கி அணைகளின் பாசனம் விரிந்தது. நடுவர் மன்றம் அமையக் காரணமாக இருந்தது டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு என்பதை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும்.

9. வெள்ளத்துல லட்சக்கணக்கான கனஅடி வந்துதே. அதையும் கணக்குல சேத்து, 'குடுத்தாச்சு'ங்குறாங்களே, நியாயமா?

ஆண்டு மொத்தத்தில் அது சேரும். எல்லையைக் கடந்த நீர் எல்லாமே பில்லிகுண்டுலுவில் பதிவாகிறது. 2022-23 நீராண்டில் நமக்கு உரிய அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. அடுத்த ஆண்டே, 2023-24-இல், உரிய அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. முந்தைய ஆண்டின் மிகுதியை அடுத்த ஆண்டுக்கு வரவு வைக்க எந்தத் தீர்ப்பும் இடமளிக்கவில்லை. நீராண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிந்துவிடுகிறது.

ஒரே ஆண்டுக்குள் என்றால் சற்றுச் சிக்கல். ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பி வழிந்து வந்த வெள்ளம், ஜூலையில் வராத தண்ணீரைக் காகிதத்தில் ஈடுகட்டிவிடும்; வயலில் ஈடுகட்டாது. நடவுக்கு வராத ஆள் அறுவடை முடிந்தபின் வந்து நின்ற கதைதான். மேட்டூர் நிறைந்தபின் வரும் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் விடுவதைத் தவிர வழியில்லை. இதனால்தான் ஆண்டு மொத்தம் வந்ததா என்று கேட்பதை விட, மாத அளவு அந்தந்த மாதத்தில் வந்ததா என்று கேட்பது முக்கியம். மேல்மாநிலம் அட்டவணைப்படியான நீர்வரத்தைப் பாதிக்கும் எதையும் செய்யக் கூடாது என்று நடுவர் மன்றத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது.

10. மழையே இல்லாத வருஷத்துல என்ன பண்றது? அவங்ககிட்டயும் இல்லைன்னா எங்கேருந்து குடுப்பாங்க?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கினேன் எனலாம். பங்கு எவ்வளவு என்பது முடிந்துபோன விவகாரம். நல்ல மழை பெய்யும் ஆண்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. 1995, 2002, 2012, 2016, 2023 என்று காவிரிப் பிரச்சினை வெடித்த ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள். எல்லாமே மழை பொய்த்தவை. குறையைப் பகிர்வது எப்படி என்பதற்கு நடுவர் மன்றம் தந்த விடை ஒரே சொற்றொடர்: பங்கின் விகிதத்திலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். கொள்கையாக இதில் குறை காண முடியாது. நீர்வரத்து 40 விழுக்காடு குறைந்தால் ஜூலையின் 31.24 டி.எம்.சி. 18.74 ஆகும், கர்நாடகத்தின் பாசனமும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும்.

நடைமுறையில் முதல் இடறல், குறை எவ்வளவு என்பதை எப்போது தீர்மானிப்பது என்பது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளின் வரத்தைக் கடந்த 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுக் குறையைக் கணக்கிடுகிறார்கள். இந்த நான்கின் மொத்தக் கொள்ளளவு 114.57 டி.எம்.சி. ஆனால் ஜூலை நடுவில் குறை 50 விழுக்காடாகத் தெரிவது ஆகஸ்டில் ஒரு வாரம் நல்ல மழை பெய்தால் 20 ஆகிவிடலாம். கர்நாடகம் 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்கிறது. டெல்டாவின் நாற்றுக்குப் பொறுக்கும் சக்தி இல்லை. இரண்டாவது இடறல், வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் சேர்ப்பதா என்பது. 'உங்களுக்கு இன்னொரு மழை இருக்கிறது, எங்களுக்கு இல்லை' என்பது அவர்கள் வாதம். 6-ஆம் பதிலில் சொன்ன அட்டவணை அதை ஏற்கெனவே கழித்துத்தான் போடப்பட்டது என்பது நம் வாதம். நம் வாதமே வலுவானது என்று நான் நினைக்கிறேன்.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை, குறிப்பாக ஆகஸ்டில், மோசமாகப் பொய்த்தது. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு (11-ஆம் பதிலைப் பார்க்க) 15 நாட்களுக்கு 5,000 கனஅடி என்றும், பிறகு 3,000 கனஅடி என்றும் உத்தரவிட்டுக்கொண்டே வந்தது. ஆகஸ்டு மாதத்துக்கு மட்டும் 45.95 டி.எம்.சி. வர வேண்டிய இடத்தில் அரை மாதத்துக்கு 6.48 என்பது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பெங்களூருவிலும் மாண்டியாவிலும் முழு அடைப்பு. இங்கே கருகிய குறுவை. அக்டோபர் 10-இல் மேட்டூர் மூடப்பட்டது. இரு மாநில விவசாயிகளும் விதைத்து முடித்த பிறகுதான் எவ்வளவு கிடைக்கும் என்ற பேச்சே தொடங்கியது என்பதே இதில் பெரிய தவறு. ஜூன் 1 அன்று மேட்டூரையும் சேர்த்து ஐந்து அணைகளிலும் உள்ள இருப்பை வைத்து, இந்த அளவுக்குக் கீழே இருந்தால் இங்கே இவ்வளவு ஏக்கர் குறுவை, அங்கே இவ்வளவு ஏக்கர் கரீப் (மழைக்கால) நெல்லும் கரும்பும் என்று பருவத்துக்கு முன்பே படிப்படியான விதி இருந்தால், விதைத்தவன் கைவிடப்பட மாட்டான். அப்படி ஒரு விதி இன்றுவரை எழுத்தில் வரவில்லை.

11. அதான் ஆணையம் இருக்கே, போயி ஷட்டரைத் தொறந்துவிட வேண்டியதுதானே?

2018 ஜூன் 1 அன்று அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இருக்கிறது. அதன் கீழ் இயங்கும் ஒழுங்காற்றுக் குழு பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. குழு அணை இருப்பையும் வரத்தையும் பார்த்துப் பரிந்துரைக்கும், ஆணையம் முடிவெடுக்கும். அணைகளின் சாவி மாநில அரசுகளின் கையில்தான் இருக்கிறது. ஒரு மாநிலம் ஒத்துழைக்க மறுத்தால் ஆணையம் மத்திய அரசின் உதவியை நாடலாம் என்று திட்டம் சொல்கிறது. அதாவது, கடைசிப் படி மீண்டும் அரசியலுக்கே போகிறது.

இதனால் ஆணையம் வீண் என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு செப்டம்பரிலும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இப்போது நான்கு அரசுகளின் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே அளவீட்டைப் பார்க்கிறார்கள். எண்களைப் பற்றிய பொய் குறைந்திருக்கிறது.

12. பெங்களூருக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னா சொல்றோம்? அதுக்கு நம்ம பங்குல ஏன் கை வைக்கணும்?

2018-இல் குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்காக. மீதி 10 பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். அந்த நகரத்தின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்றும், தேவையில் பாதியை நிலத்தடி நீர் தரும் என்றும் கொண்டு நடுவர் மன்றம் குறைவாக ஒதுக்கியிருந்தது. குடிநீர்த் தேவை எல்லாவற்றுக்கும் முந்தியது, படுகையின் எல்லைக்கோடு அதற்குத் தடையாக முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இதை நாம் முழுமூச்சாக எதிர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சென்னையும் காவிரிப் படுகைக்கு வெளியேதான் இருக்கிறது. வீராணம் ஏரிக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகப் போகும் கொள்ளிடத்து நீரையும் சென்னை குடிக்கிறது. ராமநாதபுரம் வரை கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரியை நம்பி இருக்கின்றன.

13. நம்ம நிலத்தடித் தண்ணியைக் காரணம் காட்டி 10 டி.எம்.சி. வெட்டுனாங்களாமே?

ஆம். டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாக நடுவர் மன்றம் குறிப்பிட்டிருந்தாலும் அதைப் பங்கில் கழிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வாதத்தில் நாம் தோற்ற இடம் இதுதான் என்பது என் கருத்து.

திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர்வெல் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்பு ஏறிய நீர்தான். மேல் டெல்டாவின் நிலத்தடி வளத்தைக் காட்டிக் கழித்த நீரின் சுமை கடைசியில் கீழ் டெல்டாவின் தலையில் விழுகிறது. மேலும், அந்த நிலத்தடி நீரும் ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் ஊறும். ஆற்று மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்திய இடங்களில் அதுவும் இறங்கிப்போய்விட்டது.

14. கடல்ல போயி வீணாக் கலக்குற தண்ணியைத் தடுத்தாலே போதும்னு சொல்றாங்களே?

ஓரளவு போதும், முழுக்கப் போதாது. கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிச் செல்ல அமைந்த ஆறு. வெள்ளம் வரும் சில வாரங்களில் பல டி.எம்.சி. கடலில் சேர்வது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைத் தேக்க ஆதனூர்-குமாரமங்கலம் போன்ற கதவணைகள் வந்திருக்கின்றன. மிகை நீரைத் தெற்கே கொண்டுபோகக் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சமவெளியில் பெரிய அணை கட்ட இடமில்லை என்பதால் கதவணைகளில் நிற்பது சிறு அளவே. ஆற்று நீர் கொஞ்சமும் கடலில் சேராவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும். கழிமுகத்தில் மீனும் இறாலும் போகும். தீர்ப்பிலேயே சுற்றுச்சூழலுக்கு நீர் ஒதுக்கியிருப்பதை 2-ஆம் பதிலில் பார்த்தோம்.

15. மேகதாதுல அணை கட்டினா நமக்கும் நல்லதுதானாமே, வெள்ளத்தைப் புடிச்சு வச்சுத் தருவாங்களாமே?

கர்நாடகத்தின் திட்டம், அர்க்காவதி காவிரியில் சேரும் இடத்துக்கு அருகில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு சமநிலைத் தேக்கமும் 400 மெகாவாட் மின் உற்பத்தியும். பெங்களூருக்குக் குடிநீர் என்பது அதன் முகப்பில் எழுதியிருக்கும் நோக்கம். 4.75 டி.எம்.சி. கூடுதல் குடிநீருக்கு 67 டி.எம்.சி. அணை எதற்கு என்பதே நம் முதல் கேள்வி. கிருஷ்ணராஜ சாகருக்கும் கபினிக்கும் கீழே, கர்நாடகத்தின் கட்டுப்பாட்டில் இல்லாமல் பில்லிகுண்டுலுவுக்கு இயல்பாக ஓடிவரும் இடைப்படுகை நீர்தான், பற்றாக்குறை ஆண்டில் நமக்கு யார் தயவும் இன்றிக் கிடைப்பது. மேகதாது அந்த வாயையும் அடைக்கக்கூடியது.

வெள்ளத்தைச் சேமித்து மாத அட்டவணைப்படி விட முடியும் என்பது பொறியியலாக உண்மை. அணையை யார் இயக்குவது என்ற இடத்தில் அந்த உண்மை நின்றுவிடுகிறது. ஆணையத்தின் கையில் இயக்கம் இருந்தால் பேச்சு வேறு; அப்படி ஒரு முன்மொழிவு மேசையில் இல்லை. தமிழ்நாட்டின் மனுவை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திட்ட அறிக்கைக் கட்டத்திலேயே வழக்குத் தொடுப்பது காலத்துக்கு முந்தியது என்று முடித்துவைத்தது. அனுமதி தரப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

16. ஐயா, கர்நாடகாவை விடுங்க. மேட்டூர் தொறந்து இருபது நாளாகியும் எங்க ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி வரலையே, அதை யாருகிட்ட கேக்கறது?

திருக்குவளைப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்து இதைக் கேட்டபோது கூட்டத்தில் தண்ணீர் முதலில் எட்டும் தலைமடைக்காரர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். மேட்டூரில் திறந்த நீர் மூன்று நான்கு நாளில் கல்லணை வந்துவிடுகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்த பிறகு, கடைமடைக்கு வருவதற்குள் தூர்வாராத 'சி', 'டி' எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களும், ஆகாயத்தாமரையும், உடைந்த மதகும் பாதியைத் தின்றுவிடுகின்றன. மே மாதக் கடைசியில் தொடங்கித் தண்ணீர் வந்தபிறகும் நடக்கும் தூர்வாரும் பணியைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

தண்ணீர் குறையும்போது முறைவைத்து விடுவார்கள். காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்பது அறிவிப்பில் இருக்கும். தலைமடையில் மதகைத் தூக்கி வைத்துக்கொள்பவரை யாரும் கேட்பதில்லை. 10-ஆம் பதிலில் கர்நாடகத்திடம் நாம் கேட்கும் விகிதாச்சாரக் குறைப்பை, தலைமடையும் கடைமடையும் தமக்குள் கடைப்பிடிக்கின்றனவா என்று கர்நாடக வழக்குரைஞர் கேட்டால் நம்மிடம் நேரான பதில் இல்லை. யாரிடம் கேட்பது என்றால், நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம், அந்தப் பாசனப் பிரிவின் ஷட்டர் அளவீட்டுப் பதிவைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'வந்துகொண்டிருக்கிறது' என்பதே பதிலாக இருக்கும்.

17. கேரளாவும் காரைக்காலும் இதுல எங்க வருது?

கேரளத்தின் 30 டி.எம்.சி.யில் கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. அதில் பெரும்பகுதியை அவர்கள் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை. பயன்படுத்தும் நாளில் கபினி அணைக்கும், பவானி வழியாக நமக்கும் அதன் விளைவு தெரியும். காரைக்கால் பாசன வகையில் நம் கடைமடைதான். அதற்குரிய நீர் நம் ஆறுகள் வழியாகவே போக வேண்டும். அவர்களுக்கு நாம் மேல்மாநிலம்.

18. அரசாங்கங்கள் பேசித் தீரலை. விவசாயிங்க பேசுனா தீருமா?

பேசிப் பார்த்திருக்கிறார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் 2003-இல் இரு மாநில விவசாயிகளும் சந்தித்து 'காவிரிக் குடும்பம்' என்ற குழுவை அமைத்தார்கள். மாண்டியாக்காரர்கள் டெல்டாவின் வெடித்த வயலைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அங்கே மானாவாரி நிலத்தைப் பார்த்தார்கள். தீர்ப்புகளை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை, தீர்வு எதுவும் கையெழுத்தாகவும் இல்லை. ஆயினும் பற்றாக்குறை ஆண்டில் எந்தப் பயிரை எங்கே விடுவது என்ற கேள்வியை, வழக்குரைஞர்கள் இல்லாமல் பயிரிடுபவர்கள் நேருக்கு நேர் பேசியது அங்கே மட்டுமே. 10-ஆம் பதிலில் சொன்ன விதி எப்போதாவது எழுதப்பட்டால், அதன் முதல் வரைவு இத்தகைய அறையிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

19. பதினஞ்சு வருஷத்துக்குத்தான் இந்தத் தீர்ப்புன்னு கேள்விப்பட்டேன். 2033ல மறுபடியும் முதல்லேருந்தா?

ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் தானாகவே எல்லாம் கலைந்துவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் மறுபரிசீலனை கோரும் மாநிலங்கள் இப்போதே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும். பெங்களூருவின் மக்கள்தொகை அன்று இன்னும் பெருகியிருக்கும். அதை மறுக்க முடியாது. நாம் கொண்டுபோகக்கூடியவை மூன்று: கடலோர டெல்டாவின் நிலத்தடி நீர் உப்பானது என்பதற்குக் கிராமவாரியான அளவீடு, ஒவ்வொரு பற்றாக்குறை மாதத்திலும் பில்லிகுண்டுலுவில் வந்ததற்கும் விகிதப்படி வர வேண்டியதற்கும் உள்ள வேறுபாடு, கிடைத்த நீரைக் கடைமடை வரை கொண்டுசேர்த்தோம் என்பதற்கான பதிவு. முதலிரண்டும் அரசுத் துறைகளிடம் துண்டுதுண்டாக இருக்கின்றன. மூன்றாவதை ஊர்ப் பாசனச் சங்கங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், தண்ணீர் வந்த தேதியும் மதகின் திறப்பும் குறித்து, இந்த ஜூனிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.